ஞாயிறு காந்தா தையல்: பழைய புடவை எடுத்து வையுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, 14-ம் தேதி மாலை 4 முதல் 6 வரை நம் குடியிருப்புக் கூடத்தில் காந்தா தையல் பழகுகிறோம். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலாலேயே (ஊசியை மேலும் கீழுமாக நேர்கோட்டில் ஓட்டும் எளிய தையல்) போர்வையாக்கும் வேலை இது. அந்தக் காலத்தில் நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள், அவ்வளவு அழகான சிக்கனம்!

கொண்டுவர வேண்டியவை:
1. நைந்த பருத்திப் புடவை ஒன்று. கஞ்சி போக அலசிக் காயவைத்தது. புதுத் துணி வேண்டாம்.
2. எம்ப்ராய்டரி நூல் 2 கண்டு. 6 இழையில் 2 மட்டும் பிரித்துத் தைப்போம். ஒரு முழத்துக்கு மேல் வெட்டினால் சிக்கும்.
3. கத்தரிக்கோல், குண்டூசி. ஊசி நான் தருகிறேன்.

அடுக்குகளை முதலில் பெரிய தையலாக நூலோட்டிப் பிடிக்க வேண்டும். போன முறை அதை விட்டதால்தான் துணி சுருங்கியது. அதனால் சரியாக 4 மணிக்கு வந்துவிடுங்கள்.

வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கே பெயர் போடுங்கள்.