இளையோர் தடகளத்துக்கும் இடம் தேவை

ஆசிரியருக்கு,

1986ஆம் ஆண்டு ஏதென்ஸில் தொடங்கிய உலக இளையோர் தடகளப் போட்டி, இன்று 20 வயதுக்குட்பட்டோருக்கான சாம்பியன்ஷிப்பாக நடைபெற்று வருகிறது. ஆனால் நாளிதழ்களில் அது பெரும்பாலும் பதக்கப் பட்டியலாகச் சுருங்கிவிடுவது வருத்தமளிக்கிறது.

நைரோபியில் 2021ஆம் ஆண்டு நடந்த நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டியில், 6.59 மீட்டர் தாண்டிய இந்திய வீராங்கனை ஷைலி சிங், ஸ்வீடன் வீராங்கனையிடம் ஒரே ஒரு சென்டிமீட்டரில் தங்கத்தைத் தவறவிட்டார். பதினேழு வயதில் உலக அரங்கில் அத்தனை நெருக்கமாகப் போராடிய ஒருவரின் ஒவ்வொரு முயற்சியையும் வாசகர்கள் அறிய வேண்டாமா?

இளையோர் போட்டிக்கெனத் தனி அளவுகள் உண்டு என்பதும் செய்திகளில் விடுபடுகிறது. ஆண்கள் பிரிவில் மூத்தோர் 7.26 கிலோ குண்டை எறிய, இளையோர் 6 கிலோ குண்டையே எறிகின்றனர். 110 மீட்டர் ஓட்டத்தில் தடைகளின் உயரமும் குறைவு. இதை விளக்காமல் எறிந்த தூரத்தை மட்டும் அச்சிடுவதால், அதே வீரர் அடுத்த ஆண்டு கனமான குண்டுடன் களமிறங்கும்போது பின்தங்கிவிட்டதாக வாசகர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

2002ஆம் ஆண்டு கிங்ஸ்டனில் பதினைந்து வயது உசைன் போல்ட் 200 மீட்டரில் தங்கம் வென்றது உண்மைதான். அதற்காக, வெல்லும் ஒவ்வொரு சிறாரையும் ‘அடுத்த போல்ட்’ என்று எழுதுவது அவர்கள்மீது தேவையற்ற சுமையை ஏற்றுகிறது. அதைவிட, ஒவ்வொரு போட்டியாளரும் தம் முந்தைய சிறந்த அளவிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தடகள ஆர்வலர் ஒருவர்