சிசிலுக்குப் பிறகு

அன்புள்ள வாசுகி,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. செத்துக் கிடக்கும் சிங்கத்தின் தலையை நிமிர்த்தி வைத்து, பிடரியை ஒழுங்குபடுத்தி, வாயோரத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டு, பின்னால் மண்டியிட்டு ஒருவர் சிரிக்கிறார். இந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. மிருகம் பெரிதாகத் தெரியவேண்டும் என்று ஆள் சற்றுத் தள்ளிப் பின்னால் உட்காருவார். "இந்த மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வந்தது?" என்று கேட்டிருக்கிறாய். வேட்டைக்காரர்கள் தரும் விளக்கங்களைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். ஒன்றுகூட என் மனதுக்கு ஒப்பவில்லை. பசிக்காகவும் இல்லை, பயத்துக்காகவும் இல்லை, சுவரில் மாட்டுவதற்காக ஓர் உயிரை எடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு நான் கட்சி மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வாய்.

தலையையும் தோலையும் வெற்றிச் சின்னமாக வைத்துக்கொள்ளக் காசு கொடுத்துச் சுடும் ட்ரோஃபி வேட்டையை உலகம் முழுக்கத் தடை செய்யச் சொல்லும் மனுவில் என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தாய். நான் இன்னும் போடவில்லை. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பேசவிடமாட்டோம்.

சிசில் உனக்கு நினைவிருக்கும். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் இருந்த, கருத்த பிடரி கொண்ட ஆண் சிங்கம். வயது பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று அதன் கழுத்தில் ஜிபிஎஸ் காலர் மாட்டி அது போகும் வழியையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தது. 2015 ஜூலை முதல் தேதி இரவு, பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு யானையின் சடலத்தைத் தின்ன வந்த இடத்தில், அமெரிக்காவிலிருந்து போன ஒரு பல் மருத்துவர் அதன்மேல் அம்பு விட்டார். சிங்கம் உடனே சாகவில்லை. அடிபட்ட உடம்போடு இரவெல்லாம் கிடந்து, மறுநாள் காலை இரண்டாவது அம்பில்தான் செத்தது. அந்த வேட்டைக்காக அவர் சுமார் 50,000 டாலர் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. எனக்குப் பணத்தைவிட அந்த இரவுதான் மறக்கவில்லை. அம்பில் வேட்டையாடுவது கூடுதல் திறமை என்று அவர்கள் பெருமைப்படுகிறார்கள். அந்தத் திறமைக்கான விலையை ஒரு ராத்திரி முழுக்கக் கொடுத்தது சிங்கம்தான்.

அதற்கு அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். உலகமே கொதித்தது. அந்தப் பல் மருத்துவரின் மருத்துவமனை வாசலில் பொம்மைச் சிங்கங்கள் குவிந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தும் ஜிம்மி கிம்மல் தொண்டை அடைக்கப் பேசினார். அவர் கேட்டுக்கொண்டதால் அந்த ஆய்வுக் குழுவுக்குக் கொஞ்ச நாளிலேயே பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வந்தது. டெல்டா, யுனைடெட் போன்ற விமான நிறுவனங்கள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவற்றின் தலையையும் தோலையும் இனி ஏற்றமாட்டோம் என்றன. அந்த வருட முடிவில் அமெரிக்க அரசு ஆப்பிரிக்கச் சிங்கங்களைத் தன் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. கோபத்தால் ஒன்றும் நடக்காது என்று யாராவது சொன்னால் இதையெல்லாம் எடுத்துச் சொல்.

ஆனால் இரண்டு வருடம் கழித்து, 2017 ஜூலையில், சிசிலின் மகன் ஸாண்டாவும் அதேபோலப் பூங்காவுக்கு வெளியே சுடப்பட்டது. ஆறு வயது. அதன் கழுத்திலும் காலர் இருந்தது, அதற்கும் குட்டிகள் இருந்தன. செய்தி வந்தது, சில நாள் பேசினார்கள், அடங்கிப்போனது. உனக்கு ஸாண்டாவின் பெயர் தெரியுமா வாசுகி? தெரியாவிட்டால் உன்மேல் குற்றமில்லை, யாருக்கும் தெரியவில்லை. பெயரே வைக்கப்படாத சிங்கங்களின் கதி என்ன என்று அப்போதுதான் தேடத் தொடங்கினேன்.

அதே ஆய்வுக் குழு 1999 முதல் 2004 வரை ஹ்வாங்கேயில் 62 சிங்கங்களுக்கு அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்திருக்கிறது. அந்தக் காலத்துக்குள் 34 செத்துப்போயின. அதில் 24 வேட்டைக்காரர்கள் சுட்டவை. பூங்காவின் நடுவில் வாழும் சிங்கமும் தப்பவில்லை. எல்லையோரம் ஓர் ஆண் சிங்கம் சுடப்பட்டால் அந்த இடம் காலியாகிறது. உள்ளே இருக்கும் இன்னோர் ஆண் அந்த இடத்துக்கு நகர்கிறது, அதுவும் சுடப்படுகிறது. கூட்டத்துக்குப் புதிதாக வரும் ஆண், பழைய ஆணின் குட்டிகளைக் கொன்றுவிடும். பெண் சிங்கங்கள் சீக்கிரம் தன்னோடு சேரவேண்டும் என்பதற்காக அது செய்யும் காரியம் அது. ஆக, ஒரு தோட்டாவில் விழுவது ஒரு சிங்கம் மட்டுமில்லை. இந்தக் கணக்கு வெளியே வந்தபோது எந்த ஊரிலும் ஊர்வலம் போகவில்லை. ஆனாலும் ஜிம்பாப்வே அந்த வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை சிங்க வேட்டையை நிறுத்தியது. பின்பு அனுமதித்தபோதும் எண்ணிக்கையைக் குறைத்தது. வெயிலில் அலைந்து காலர் மாட்டிய நாலு பேரின் வேலைக்கு இவ்வளவு பலம் இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

(சிசிலின் குட்டிகளை நினைத்து நீ கவலைப்படுவாய் என்பதால் சொல்கிறேன். ஜெரிக்கோ என்ற ஆண் சிங்கம் சிசிலோடு கூட்டாளியாக இருந்தது. அது குட்டிகளைக் கொல்லாமல் தன் பாதுகாப்பில் வைத்துக்கொண்டது.)

இன்னொன்றும் படித்தேன். சிங்கக் குட்டியின் மூக்கு நுனி இளஞ்சிவப்பாக இருக்குமாம். வயது ஏற ஏறக் கருப்புப் புள்ளிகள் விழுந்து பரவும். தான்சானியாவின் செரங்கெட்டிச் சிங்கங்களில் மூக்கு பாதி கருத்துவிட்டால் வயது ஐந்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கிரேக் பேக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2004இல் இதைக் கண்டு எழுதினார்கள். அந்த வயதுக்குள் ஓர் ஆண் பெரும்பாலும் ஒரு தலைமுறைக் குட்டிகளை வளர்த்து ஆளாக்கியிருக்கும். அதற்கு மேற்பட்ட ஆண்களை மட்டும் சுட்டால் கூட்டம் குலையாது என்பது அவர்கள் வாதம். மொசாம்பிக்கின் நியாஸா காப்பகத்தில் ஆறு வயது என்று விதியே வைத்தார்கள். துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னால் தொலைநோக்கியில் மூக்கைப் பார்த்து வயது மதிப்பிடவேண்டும். இதைப் படித்தபோது எனக்கு ஒரு பக்கம் வயிற்றைப் பிசைந்தது. இன்னொரு பக்கம், கண்மூடித்தனமாகச் சுட்டுக்கொண்டிருந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மையாகத் தோன்றுவதால்தான் உன் மனுவின் முன்னால் தயங்குகிறேன்.

அந்தச் சிங்கங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை எடுத்துக்கொள். சிசில் விவகாரம் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்காவில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஜிம்பாப்வே இளைஞர் ஒருவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். தன் கிராமத்தில் சிங்கம் என்றால் நடுக்கம்தான், அதன்மேல் யாருக்கும் பாசம் கிடையாது, சிங்கம் செத்தது என்றால் சந்தோஷப்படுவோம் என்று. பலர் அவரைத் திட்டினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. ஒரே ராத்திரியில் பட்டியில் இருந்த மாடுகளை இழக்கும் குடும்பத்துக்கு, அந்த மிருகத்தை உயிரோடு விட்டுவைக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் இல்லாத இடத்தில் சடலத்தில் விஷம் வைப்பார்கள், கம்பிச் சுருக்கு வைப்பார்கள். அதில் சாகும் சிங்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை. ஆப்பிரிக்காவில் சிங்கங்கள் குறைவதற்குப் பெரிய காரணங்கள் நிலம் போவது, இரை போவது, இந்த விஷமும் சுருக்கும். காசு கொடுத்துச் சுடுகிறவர்கள் அந்தப் பட்டியலில் கீழேதான் வருவார்கள்.

நமீபியாவில் 1996இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கிராமத்தார் தங்கள் நிலத்தைக் காப்பகமாகப் பதிவு செய்துகொண்டால், அங்குள்ள வனவிலங்குகளால் வரும் வருமானம் அவர்களுக்கே. சுற்றுலாவும் அதில் உண்டு, வேட்டையும் உண்டு. சுட்ட விலங்கின் இறைச்சி ஊருக்குப் பங்கிடப்படும். அழகான காட்சிகள் இருக்கும் இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். வெறும் முள்காடாக இருக்கும், சாலை இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? அங்கே வேட்டைக்காரர் மட்டும்தான் வருகிறார். அவர் வராவிட்டால் அந்த இடத்தில் ஆடுமாடு மேயும், அல்லது உழவு நடக்கும். பாகிஸ்தான் மலைகளில் மார்க்கோர் என்ற திருகுக் கொம்பு ஆட்டுக்கும் இப்படித்தான். வருடத்துக்கு மிகச் சிலவற்றைச் சுட அனுமதி, அந்தப் பணத்தில் 80 சதவீதம் ஊர் மக்களுக்கு. ஊர்க்காரர்களே காவல் காத்ததில் அதன் எண்ணிக்கை கூடியது.

எதிர்ப்பக்கம் கென்யா இருக்கிறது. அங்கே 1977இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து 2016 வரை அங்கே வனவிலங்குகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. தடையால்தான் குறைந்தன என்று வேட்டைக்காரர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. மக்கள்தொகை, கால்நடை, வேலி என்று காரணங்கள் பல. தடை மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். 2024இல் ஜெர்மனி ட்ரோஃபி இறக்குமதியைக் கட்டுப்படுத்த யோசித்தபோது, போட்ஸ்வானாவின் அன்றைய அதிபர் மசிசி 20,000 யானைகளை உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன், நீங்களே வளருங்கள் என்றார். அந்த நாட்டில் இருப்பவை சுமார் 1,30,000 யானைகள். பேச்சு கடுமைதான். ஆனால் வயலில் யானை இறங்கும் ஊர்க்காரர்களின் கோபத்துக்கும் நம் கோபத்துக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுக்கவேண்டும் இல்லையா?

இதற்காக வேட்டைக்காரர்கள் தங்களைக் காடு காப்பவர்கள் என்று சொல்லிக்கொள்வதை ஏற்கச் சொல்லவில்லை. பல இடங்களில் பணம் நடுவில் இருப்பவர்கள் கையோடு நின்றுவிடுகிறது, கிராமத்துக்குச் சில்லறைதான் போகிறது. எங்கே போகிறது என்று கணக்குக் காட்டாத இடத்தில் அனுமதி கொடுக்கவே கூடாது.

அப்புறம், எந்தத் தயக்கமும் இல்லாமல் நான் கோபப்படும் இடம் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களைப் பண்ணைகளில் அடைத்து வளர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அந்த நாட்டுக் காடுகளில் உள்ள சிங்கங்களைவிட அதிகம். பிறந்த சில நாளிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். தாய் மறுபடி சீக்கிரம் சினைக்கு வரவேண்டுமே! அந்தக் குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுக்க வெளிநாட்டு இளைஞர்கள் காசு கட்டி வருகிறார்கள், அனாதைக் குட்டிகளைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பிக்கொண்டு. கொஞ்சம் வளர்ந்ததும் அதோடு சேர்ந்து நடக்க இன்னொரு கூட்டம் காசு கொடுக்கும். முழு வளர்ச்சி அடைந்ததும் வேலி போட்ட நிலத்துக்குள் விடப்படும். சுட வருபவர் விலைப்பட்டியலில் முன்பே தேர்ந்தெடுத்திருப்பார். மனிதனைப் பார்த்தால் பால் புட்டி என்று நினைத்துப் பழகிய மிருகம், வேலிக்குள் எங்கே ஓடும்? செத்த பிறகும் விடுவதில்லை. எலும்பு தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகும். 2018இல் 1,500 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அரசே அளவு வைத்தது. அடுத்த வருடம் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. 2021இல் இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டுவதாக அரசு அறிவித்தது. அறிவிப்புக்கும் கூண்டுக் கதவுக்கும் நடுவில் இன்னும் நிறைய தூரம் இருக்கிறது. இதில் எந்தக் கிராமத்தின் பட்டியும் காக்கப்படுவதில்லை, எந்தக் காடும் பிழைப்பதில்லை. இதற்கென்று தனியாக ஒரு மனு இருந்தால் அனுப்பு. நான் மட்டுமில்லை, இவரும் போடுவார், மருமகளையும் போட வைக்கிறேன்.

ஹ்வாங்கேயில் நடக்கும் இன்னொரு காரியமும் உனக்குப் பிடிக்கும். அந்த ஆய்வுக் குழு ஊர்க்காரர்களையே காவலர்களாக அமர்த்தியிருக்கிறது. காலர் போட்ட சிங்கம் ஊரை நெருங்கினால் அவர்கள் போனுக்குச் செய்தி வரும். உடனே மாடுகளை உள்ளே அடைக்கச் சொல்லிவிட்டு, கால்பந்து மைதானத்தில் ஊதுவார்களே வுவுசெலா, அதை ஊதிக்கொண்டு சிங்கத்தைப் பூங்காவுக்குள் விரட்டுகிறார்கள். மாடும் பிழைக்கிறது, சிங்கமும் பிழைக்கிறது. இந்தக் கோபத்தில் நன்கொடை கொடுக்க நீ ஒதுக்கி வைத்திருக்கும் பணம் இந்த மாதிரி வேலைக்குப் போகட்டும் என்பது என் ஆசை.

வீட்டுச் செய்தி என்றால், பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, காலையில் நடக்கிறார். நான் ஓய்வு பெற்றதிலிருந்து இப்படிக் கண்டதையும் படித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதா? கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளச் சொல்.

அந்த மனுவை எழுதியவர்களுக்கு நீ ஒரு வரி எழுதிக் கேட்டுப் பார். தடை வந்த மறுநாள் அந்த நிலங்களுக்கும் காவலர்களுக்கும் பணம் எங்கிருந்து வரும், மாடு இழந்தவருக்கு யார் கொடுப்பார்கள் என்று. என்ன பதில் வந்தாலும் எனக்கு அனுப்பு. ஒழுங்கான பதிலாக இருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
செல்வி