மிச்ச நூல் போர்வை யாருக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை பிறந்துவிட்டால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் குளிர் இறங்கத் தொடங்கிவிடும். விடுதி மாணவர்களுக்கும் சாலையோரம் உறங்குவோருக்கும் போர்வை தந்து உதவுமாறு நாளிதழ்களில் வேண்டுகோள்கள் வருவதும் அதையொட்டித்தான். கடையில் போர்வை வாங்கித் தருவோர் ஒருபுறமிருக்க, ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னியது போக வீட்டில் மிஞ்சிய உல்லன் நூலை அக்கம்பக்கத்தில் திரட்டி, கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் சதுரம் சதுரமாகப் பின்னிச் சேர்த்துக் கொடுக்கும் பெண்களும் இங்கே இருக்கிறார்கள். தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆனால், சேரும் நூலை நிறம் பார்த்துப் பிரிக்கிறார்களே ஒழிய, அது என்ன இழை என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. இக்கடிதம் அது குறித்தே.

உல்லன் என்று கேட்டு நாம் வாங்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழைதான். விலை மலிவு, நிறம் போகாது, துவைத்தால் சீக்கிரம் உலரும் என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. அசல் ஆட்டு ரோம நூலோ, வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். உலர நேரம் பிடிக்கும். இம்மூன்றும் ஒரே போர்வையில் கலந்திருந்தால், முதல் சலவையிலேயே சில சதுரங்கள் இழுத்துக்கொள்ள, சில தளர்ந்து தொங்க, நடுவில் இணைப்புத் தையல் விட்டுப்போகும். மாதக்கணக்கில் பாடுபட்டுப் பின்னியது மூலையில் சுருட்டி வைக்கப்படும்.

லேபிள் தொலைந்துபோன உண்டையில் என்ன இழை இருக்கிறது என்று அறிவது கடினமன்று. விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நுனியில் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். தலைமுடி பொசுங்கும் நாற்றம் வந்து, கருகியது விரலில் பொடியானால் ரோமம். காகிதம் எரியும் வாசனையும் மென்சாம்பலும் பருத்திக்கு உரியவை. அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியபின் நசுக்க முடியாத கருப்பு மணியாக நின்றுவிடும். கலப்பு நூலாயின் இவை கலந்து தெரியும். ஐயமிருந்தால் அதை அக்ரிலிக் பக்கமே வைத்துவிடலாம்.

அந்தக் கருப்பு மணியைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். ராகி முற்றும் பருவத்தில் தளி, ஜவளகிரி சுற்றுவட்டாரத்தில் யானைக்கூட்டங்கள் வயலுக்குள் இறங்குவதும், விவசாயிகள் இரவெல்லாம் காவல் இருப்பதும் தங்கள் வாசகர்கள் அறிந்ததே. காவலுக்குப் போகிறவர் நெருப்பு மூட்டிக் குளிர்காயாமல் இருக்க மாட்டார். இரவுக் காவலாளிகளும் அப்படித்தான். அவர்கள் தோளில் நாம் கொடுத்த அக்ரிலிக் போர்வை இருந்து, அதன் ஓரத்தில் நெருப்பு பற்றினால், அது உருகிச் சொட்டித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டு ரோமம் எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணையும். நம் பக்கத்துப் பெரியவர்கள் சொரசொரப்பைப் பொறுத்துக்கொண்டு கருப்புக் கம்பளியைப் போர்த்திக் காவலுக்குப் போனதில் இந்த வசதியும் இருந்தது. ஆகவே ரோம நூல் எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும் அதைத் தனியே சேர்த்து, நெருப்பருகே இருப்பவர்களுக்கென்று ஒதுக்குவதே முறை. அக்ரிலிக் போர்வைகள் விடுதிக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகட்டும். அடிக்கடி துவைக்க வேண்டிய இடங்களுக்கு அவையே ஏற்றவை.

பின்னும் முறையிலும் ஓரிரு செய்திகள் உண்டு. மெல்லிய நூலையும் தடித்த நூலையும் ஒரே ஊசியில் பின்னினால் சதுரங்கள் ஒரே அளவில் வாரா. மெல்லியதை இரண்டு இழையாகச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய சமமாகும். நிறம் மாற்றும் இடத்தில் முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்குவது பலரிடமும் உள்ள பழக்கம். அந்த முடிச்சுதான் முதலில் அவிழும். நூல் நுனியை ஆறு அங்குல வாலாக விட்டு, தையல் ஊசியால் பின்னலுக்குள் ஒரு திசையில் செலுத்தி, திருப்பி, மறுபடியும் செலுத்திய பிறகே நறுக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான்; நிறைய நிறங்கள் இருந்தால் பின்னுவதைவிட இதற்கே அதிகப் பொறுமை வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கென்று துளை பெரிதாக விழும் பின்னலைக் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பிஞ்சு விரல்கள் அதில் சிக்கும். தூங்கும் சிசுவின் அருகே தளர்ந்த போர்வை எதுவும் இருக்கலாகாது என்பது மருத்துவர்களின் அறிவுரை.

2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல கைகள் பின்னியவற்றை அப்படி ஒன்றுசேர்க்க வேண்டுமானால் முன்கூட்டியே ஓர் ஒழுங்கு வகுத்தாக வேண்டும். நம் ஊர் மகளிர் குழுக்களும் நூல் சேகரிக்கத் தொடங்கும் நாளிலேயே இழைக்கொரு பையும் சதுரத்துக்கோர் அளவும் தீர்மானித்துக்கொள்ளலாம். இனி இத்தகைய வேண்டுகோள்களை வெளியிடும்போது, போர்வை எந்த இழையில் பின்னியது, எப்படித் துவைப்பது, நெருப்பருகே கொண்டுபோகலாமா என்பதை ஒரு சிறு துணியில் எழுதி அதன் ஓரத்தில் தைத்துக் கொடுக்குமாறும் ஒரு வரி சேர்த்து வெளியிடத் தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.