தஞ்சைக் கலைக்கூடத்தையும் பாருங்கள்

ஐயா,

தஞ்சைக்குச் சுற்றுலா வருபவர்களில் பலர் பெரிய கோயிலைப் பார்த்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். சோழர் தலைநகரின் பெருமை அதோடு முடிந்துவிடவில்லை. அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள ரிஷபவாகன தேவரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனை, அவசியம் பார்க்க வேண்டும். திருவெண்காட்டில் கிடைத்த, 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி அது. சாய்ந்துகொள்ள ரிஷபம் இல்லை. ஆனாலும் அந்த மடங்கிய கையும், காலைக் குறுக்கே வைத்து நிற்கும் ஒயிலும், தலைப்பாகை போல் சுற்றிய சடையும் அப்பப்பா, என்ன அழகு! அருகில் நிற்கும் தேவியும் அதற்குச் சளைத்ததல்ல.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரிசையாக ஓட்டிச் செல்லாமல், இந்தச் சிலைகள் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். அப்புறம் அதே வளாகத்தில் உள்ள சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளையும் காட்டுங்கள்.

– ஒரு வாசகர், கும்பகோணம்