ஆனைகட்டி வட்டாரத்தில் உண்ணிச்செடியை வேரோடு அகற்றக் கோரி மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
ஆனைகட்டி வட்டாரம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
கோயம்புத்தூர் வனக்கோட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கேரள எல்லையில் அட்டப்பாடியை ஒட்டியிருக்கும் எங்கள் ஊர்களில் உண்ணிச்செடி பாதைகளையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் புதர். உள்ளே யானை நின்றால் கிட்டப் போகும்வரை தெரியாது. எங்கள் முதல் பயம் இதுதான்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இந்தச் செடியை, பூ அழகாக இருக்கிறதென்று ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தில் வளர்க்கக் கொண்டுவந்தார்கள். கறுத்துப் பழுத்த உண்ணிப்பழத்தை மைனாவும் கொண்டைக்குருவியும் தின்று விதையை எங்கும் போடுகின்றன. சாலை வெட்டிய ஓரம், தீப்பிடித்த காடு, தரிசு நிலம் என்று மண் கலைந்த இடமெல்லாம் இது முந்திக்கொள்கிறது. புதருக்கு அடியில் புல் எழும்புவதில்லை. கோடையில் வேறு தீனி இல்லாமல் இந்த இலையை மேய்ந்த மாட்டுக்கு ஈரல் கெட்டு, கண் மஞ்சளித்து, வெயில் பட்ட தோல் வெடிக்கிறது. மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பிழைப்பே போன மாதிரி.

முன்பு ஒருமுறை சாலையோரத்தில் பொக்லைன் வைத்து வழித்தார்கள். அடுத்த மழைக்கே இன்னும் அடர்த்தியாக வந்துவிட்டது. மேலாக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். மண்ணைக் கிளறினால் புதைந்த விதை முளைக்கும். தூருக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால்தான் காயும். அப்புறம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். இது கைவேலை. எங்கள் இருளர் மக்களுக்குக் காடும் தெரியும், இந்த வேலையும் தெரியும்.

அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்க 2022-இல் தமிழ்நாடு அரசு கொள்கையே வெளியிட்டது. அதன்படி பள்ளிப் பாதையிலும் மேய்ச்சல் நிலத்திலும் முதலில் வேலையைத் தொடங்கி, உள்ளூர் ஆட்களுக்கே நாள்கூலி தந்து, குறைந்தது மூன்று வருடமாவது பின்தொடர்ந்து கவனிக்க உத்தரவிட வேண்டுகிறோம். அகற்றிய இடத்தை வெறுமனே விட்டால் களைதான் திரும்பும்; உள்ளூர்ப் புல்லும் மூங்கிலும் வைத்துத் தர வேண்டும். வெட்டிய கம்பும் வீணில்லை. கூடலூர்ப் பக்கம் பழங்குடியினர் உண்ணிக் கம்பில் செய்த யானை உருவங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் காட்சிக்கு நின்றன. அந்தப் பயிற்சியை எங்கள் இளைஞர்களுக்கும் தர ஏற்பாடு செய்யுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் புதர் அப்படியே இருந்தால் பறவைகள் விதையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஆகவே மன்னார்க்காடு வனக்கோட்டத்துடனும் பேசி, இரு பக்கமும் ஒரே பருவத்தில் வேலை நடக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்