பச்சை விளக்கு யாருடையது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேரன் பேத்தி எடுத்த பிறகும் என்ன மாப்பிள்ளை என்று வீட்டில் கேட்கிறார்கள். விடுதியில் வைத்த பெயரை இனி எங்கே மாற்றுவது? உன் மூட்டுவலி குறைந்தது அறிந்து நிம்மதி. இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை.

புறவழிச்சாலையில் மேம்பால வேலை தொடங்கியதும் லாரிகளெல்லாம் உன் தெருவுக்குள் புகுந்துவிட்டன என்று எழுதியிருந்தாய். ஆயுள் முழுக்கச் சாலை போட்டவன் தன் வீட்டு வாசலைக் கடக்க முடியாமல் நிற்கும் காட்சியை நினைத்துச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். லாஸ் ஏஞ்சலஸில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். எப்போதும் நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை நன்றாகச் செய்ததை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

1994 ஜனவரி 17, விடியற்காலை 4.31. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். அன்று விடுமுறை நாள் என்பதால் பிழைத்தோம். நான் தினமும் வேலைக்குப் போன சான்டா மோனிகா ஃப்ரீவே, அதாவது சிக்னலே இல்லாத விரைவுச்சாலை, இரண்டு இடங்களில் பாலம் இடிந்து விழுந்து கிடந்தது, லா சியனேகா அருகே ஒன்று, ஃபேர்ஃபாக்ஸ் அருகே ஒன்று. நாளொன்றுக்கு 3 லட்சம் வண்டிகளுக்கு மேல் ஓடிய சாலை அது. அத்தனையும் வெனிஸ், வாஷிங்டன், ஆடம்ஸ் போன்ற நகரச் சாலைகளில் இறங்கியாக வேண்டும். கடையும் பள்ளிக்கூடமும் பஸ் நிறுத்தமும் உள்ள சாலைகள்.

இங்கேதான் உனக்குப் பழக்கமான சிக்கல் வருகிறது. ஃப்ரீவே மாநிலத்தின் சாலைத் துறையான கால்டிரான்ஸுடையது. அதிலிருந்து இறங்கியதும் எதிரே நிற்கும் சிக்னல் பெரும்பாலும் நகரப் போக்குவரத்துத் துறையின் கையில். நடுவில் கல்வர் சிட்டி என்று தனி நகராட்சி வேறு. இறங்கும் பாதையின் அடியில் பச்சை விளக்கு சீக்கிரம் அணைந்தால் வரிசை பின்னால் வளர்ந்து ஃப்ரீவேயின் மேலேயே போய் நிற்கும். வேகமாக வருகிறவன் அதன் வாலில் மோதுவான். ஏறும் பாதையிலோ மாநிலம் ஒரு விளக்கு வைத்து ஒவ்வொரு காராக உள்ளே விடுகிறது. அதை இறுக்கிப் பிடித்தால் ஃப்ரீவே ஓடும், நகரத் தெரு அடைத்துக்கொள்ளும். தன் சாலை ஓடினால் போதும் என்று இரண்டு துறைகளும் நினைத்தால், இரண்டுமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்துகொண்டே ஊரை நிறுத்திவிட முடியும்.

பச்சையை நீட்டினால் போதாதா என்பாய். முதல் சந்திப்பில் மட்டும் நீட்டினால் நெரிசல் அடுத்த சந்திப்புக்குக் குடிபோகும், அவ்வளவுதான். வரிசையாகப் பத்துப் பதினைந்து சிக்னல்கள் ஒன்றாக மாற வேண்டும். அதற்கு இங்கே ஒரு கருவி தயாராக இருந்தது. 1984 ஒலிம்பிக்கின்போது விளையாட்டரங்கத்தைச் சுற்றி 118 சந்திப்புகளில் தொடங்கிய ஏட்சாக் என்ற கணினி அமைப்பு. சாலைக்கடியில் புதைத்த கம்பிச் சுருள்கள் வண்டிகளை எண்ணும், மையத்தில் உட்கார்ந்தபடியே விளக்கின் நேரத்தை மாற்றலாம். அதைவிட முக்கியம், இதே ஃப்ரீவேயையும் அதையொட்டிய சாலைகளையும் சேர்த்தே கவனிக்க ஒரு திட்டம் நிலநடுக்கத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. அதனால் இரண்டு துறை ஆட்களுக்கும் முன்பே பழக்கம் உண்டு. யாரைத் தொலைபேசியில் கூப்பிடுவது என்று தேடவேண்டியிருக்கவில்லை. கணினியைவிட இந்தப் பழக்கம்தான் அன்று பெரிதாக உதவியது என்பது என் எண்ணம். நீ மறுக்கலாம், உனக்குக் கருவிகள் மீது எப்போதும் காதல்.

இன்னொன்று, இடதுபக்கத் திருப்பம். நம் ஊரில் வலதுபக்கம் திரும்புவதுபோல, எதிரே வருகிற வரிசையைக் கிழித்துக்கொண்டு போவது. மாற்றுப்பாதையில் அப்படி ஒரு திருப்பம் இருந்தாலும் போதும், திரும்பக் காத்திருக்கும் நாலு கார்கள் பின்னால் வரும் நானூறு கார்களை மறிக்கும். போலீஸ்காரர் கைகாட்டி மறுத்தபோது நானும் முணுமுணுத்திருக்கிறேன். இரண்டாம் வாரத்தில் புத்தி வந்தது. வீடு சேர வழக்கத்தைவிட இருபது நிமிடம் கூடுதலாயிற்று. நான் பயந்தது இரண்டு மணி நேரம்.

விழுந்த பாலங்களைத் திரும்பக் கட்ட 140 நாள் கெடு. முன்னதாக முடித்தால் நாளொன்றுக்கு 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை, தாமதித்தால் அபராதம். சி.சி. மையர்ஸ் நிறுவனம் இரவு பகலாக உழைத்து 66 நாளில் முடித்துவிட்டது. பாலத்தின் பெருமையைத்தான் பத்திரிகைகள் எழுதின. சிக்னல் நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி நாலு வரி கண்டதாக நினைவில்லை.

2011 ஜூலையில் கதை வேறு. முல்ஹாலண்ட் பாலத்தின் ஒரு பாதியை இடிக்க 405 ஃப்ரீவேயைப் பத்து மைலுக்கு 53 மணி நேரம் மூடத் திட்டமிட்டார்கள். ‘கார்மகெடான்’, அதாவது கார்ப் பிரளயம் என்று பெயர் சூட்டி வாரக்கணக்கில் மிரட்டினார்கள். ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. பர்பேங்கிலிருந்து லாங் பீச்சுக்கு 4 டாலருக்கு விமானம் விட்டார்கள், அதோடு போட்டி போட்ட சைக்கிள்காரர்கள் முந்திவிட்டார்கள்! வேலையும் சீக்கிரம் முடிந்து ஞாயிறு மதியமே சாலையைத் திறந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. சனி ஞாயிறு வீட்டில் இரு என்று சொன்னால் ஊர் கேட்கும், மூன்று மாதம் இரு என்றால் கேட்குமா? உன் மேம்பாலத்துக்கு 1994 உதவும், 2011 உதவாது.

இப்போது ஒரு புதுத் தொல்லை. கைபேசி வழிகாட்டி. ஒரு நிமிடம் மிச்சம் என்று மேட்டுத் தெருவுக்குள் காரைத் திருப்பிவிடுகிறது. துறைகள் இரண்டும் பேசி முடிவு செய்த பாதையை அது மதிப்பதில்லை. உன் லாரிக்காரர்களும் அதைத்தான் கேட்டு வருகிறார்களோ என்னவோ. அடுத்த முறை ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பார்.

தை மாதம் வருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முன் மாற்றுப்பாதையைக் கையால் வரைந்து அனுப்பு. எங்கெங்கே வலதுபக்கம் திரும்ப விட்டிருக்கிறார்கள் என்பதைச் சிவப்பு மையில் குறித்துவிடு. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன்,
மாப்பிள்ளை