ஒரே கட்டில், இரண்டு தண்டனை: தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் 39 பேரும் ஒரு சட்டப் பிரிவை எடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 106(1). அஜாக்கிரதையால் நேரும் மரணத்துக்கு என்ன தண்டனை என்று சொல்வது. சின்னப் பிரிவுதான்.

2024 ஜூலை 1இல் புதிய சட்டம் அமலுக்கு வரும் வரை இருந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ. அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால், காரணமானவர் யாராக இருந்தாலும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். லாரி டிரைவர், டாக்டர், நர்ஸ், எல்லோருக்கும் அதே அளவு. புதிய சட்டம் அதை ஐந்து ஆண்டாக்கியது. 'அல்லது அபராதம்' என்பதையும் எடுத்துவிட்டது. இந்திய மருத்துவ சங்கம் முறையிட்டது. 2023 டிசம்பரில் மசோதா நிறைவேறியபோது, சிகிச்சையின்போது நேரும் மரணத்துக்கு மருத்துவர்களுக்கு மட்டும் இரண்டு ஆண்டு என்று சேர்ந்தது. மருத்துவர் என்றால் யார் என்ற விளக்கமும் அங்கேயே உண்டு: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். எங்கள் பெயர் இருப்பது நர்சிங் கவுன்சில் பதிவேட்டில். ஆகவே எங்களுக்கு ஐந்து.

வார்டில் இதற்கு என்ன பொருள் என்று சொல்கிறேன். இரவு ஷிஃப்டில் டியூட்டி டாக்டர் போனில் ஒரு மருந்தும் டோஸும் சொல்கிறார். நர்ஸ் போடுகிறார். கேஸ் ஷீட்டில் டாக்டரின் கையெழுத்து காலையில் விழும். சில நேரம் விழாமலே போகும். அந்த நோயாளி இறந்து வழக்கானால், மருந்தைச் சொன்னவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு, ஊசி போட்டவருக்கு ஐந்து. 'நான் அந்த டோஸ் சொல்லவே இல்லை' என்று அவர் சொல்லிவிட்டால் நர்ஸ் கையில் ஆதாரம் எதுவும் கிடையாது. போதாததற்கு ஆள் பற்றாக்குறை. ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். உங்கள் தொகுதி மருத்துவமனைக்கு ஒருநாள் ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் போய் எண்ணிப் பாருங்களேன்.

2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்கு ஒரு பாதுகாப்பு தந்தது. கவனக்குறைவு மிக மோசமானதாக இருந்தால்தான் குற்றவழக்கு. போலீஸ் முதலில் சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்க வேண்டும். வழக்கு வந்ததுமே கைது கூடாது. நர்ஸுகளுக்கும் இது வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. நல்லதுதான். ஆனால் இங்கே ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நள்ளிரவில் உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்கு அந்தத் தீர்ப்பை யார் எடுத்துக்காட்டுவது?

ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தானே என்பார்கள். சரி. ஆனால் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கே கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்றும் நம் பதிவில் குறை எதுவும் இல்லை என்று கவுன்சில் தரும் நன்னிலைச் சான்றும் கேட்பார்கள். வளைகுடாவுக்குப் போய் அடைத்துவிடலாம் என்று கடன் வாங்கிப் படித்த பெண்ணுக்குத் தீர்ப்பு வரும் முன்பே தண்டனை தொடங்கிவிடும்.

டாக்டர்களுக்குக் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுதான் நியாயம் என்று உங்களுக்குத் தோன்றினால் எல்லோருக்கும் ஐந்து என்று எழுதுங்கள், அதை ஏற்றுக்கொள்கிறேன். இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்க நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, பதிவை ரத்து செய்யக் கவுன்சில் இருக்கிறது. அவற்றில் எதையும் தளர்த்தக் கேட்கவில்லை.

திருத்தம் பெரிய வேலையும் இல்லை. 2023 ஆகஸ்டில் இதே நாடாளுமன்றம்தான் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு எல்லாம் அதில் இருக்கிறது. நாலே மாதத்தில் 106ஐ எழுதியவர்களுக்கு அது நினைவுக்கு வரவில்லை போலும். அந்தப் பதிவேட்டையும் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். கிராமங்களில் வேலை பார்க்கும் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காமார்களும் அதற்குள் வந்துவிடுவார்கள். நம் சட்டமன்றம் 2008இல் மருத்துவமனை வன்முறைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது டாக்டர்களோடு நர்ஸுகளையும் சேர்த்தே எழுதியது. அடி விழும் இடத்திலாவது நாங்கள் கண்ணில் பட்டிருக்கிறோம்.

மக்களவையில் வெள்ளிக்கிழமைகளில் தனிநபர் மசோதாக்களுக்கு நேரம் உண்டு. உங்களில் ஒருவர் இந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும். அது முடியாவிட்டால், உள்துறை அமைச்சரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: பிரிவு 106(1)இன் விளக்கத்தில் செவிலியரைச் சேர்க்கும் உத்தேசம் உண்டா, இல்லையென்றால் ஏன்? பதில் அவைக் குறிப்பில் ஏறட்டும். அதை வைத்து எங்கள் சங்கங்கள் மேற்கொண்டு பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்